காலி ஷூ டப்பாவும் நாலு கடுக்காயும்

ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் பக்கம் எந்தத் தெருவுக்குள் போனாலும் ஷூ கம்பெனிக்கோ தோல் பதனிடுகிற ஷாப்புக்கோ வேலைக்குப் போகிறவர் ஒருவர் எதிரே வருவார். இங்கே தைக்கிற ஷூக்களில் பெரும்பங்கு கப்பல் ஏறிவிடுகிறது. நம் வீட்டில் மிஞ்சுவது என்னவோ பரண்மேல் கிடக்கிற காலி டப்பாதான். பழைய கரண்ட் பில், தையல் நூல், உடைந்த மூக்குக்கண்ணாடி எல்லாம் அதற்குள் கிடக்கும். அம்மாவிடமோ ஆயாவிடமோ கேட்டு, இரண்டு டப்பாக்களைக் காலி செய்து வாங்கிக்கொள்ளுங்கள். இந்த மாதம் நமக்கு ஆய்வுக்கூடம் அதுதான்.

வீட்டில் ஒரு தம்பியோ தங்கையோ இருந்தால் இன்னும் நல்லது. இல்லையென்றால் பக்கத்து வீட்டுப் பாப்பாவை இரவல் வாங்குங்கள். இதில் வரும் விளையாட்டுகளில் பாதி அவர்களுக்கு, மீதி உங்களுக்கு.

திருவிழாக் கடையில் விற்கிற பேட்டரி பொம்மைமேல் எனக்கு ஒரு குறை உண்டு. பொத்தானை அமுக்கினால் ஒரு பாட்டு வரும். மெதுவாக அமுக்கினாலும் வேகமாக அமுக்கினாலும் அதே பாட்டு. தலைகீழாகப் பிடித்தாலும் அதே பாட்டு. நாம் கேட்கிற விதத்தை மாற்றினாலும் அது சொல்கிற பதில் மாறுவதில்லை. இரண்டாம் நாளே தம்பி அதைத் தரையில் போட்டு உடைப்பதற்கு அதுதான் காரணம் என்பது என் கணிப்பு. உள்ளே என்ன இருக்கிறது என்ற கேள்விக்காவது அது பதில் சொல்லட்டுமே என்று பார்க்கிறான்! காலி டப்பா வேறு ஜாதி. நாம் கேட்கிற விதம் மாறினால் அதன் பதிலும் மாறும்.

முதல் சோதனைக்கு எட்டு, ஒன்பது மாதக் குழந்தை வேண்டும். தானாக உட்காரத் தெரிந்திருக்க வேண்டும். பசி, தூக்கம் இரண்டும் இல்லாத நேரமாகப் பாருங்கள். அம்மா மடியில் உட்கார்ந்திருந்தால் வசதி.

இரண்டு டப்பாக்களையும் மூடியில்லாமல் பாப்பாவுக்கு முன்னால் வையுங்கள். ஒன்று இடப்பக்கம், ஒன்று வலப்பக்கம். ஒவ்வொன்றையும் ஒரு கைக்குட்டையால் மூடுங்கள். இப்போது பளபளப்பான ஒரு கரண்டியைக் காட்டி, பாப்பா பார்த்துக்கொண்டிருக்கும்போதே இடப்பக்க டப்பாவுக்குள் வையுங்கள். பாப்பா கைக்குட்டையை இழுத்து, கரண்டியை எடுத்து, வாயில் வைக்கும். கை தட்டுங்கள். இதையே மூன்று நான்கு முறை, எப்போதும் இடப்பக்க டப்பாவிலேயே செய்யுங்கள்.

அடுத்த முறைதான் வேடிக்கை. பாப்பாவின் கண்ணுக்கு எதிரேயே கரண்டியை வலப்பக்க டப்பாவில் வையுங்கள். மனசுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணிவிட்டு டப்பாக்களை அதன் கைக்கு எட்டும்படி நகர்த்துங்கள். வலப்பக்கம் வைத்ததை அது பார்த்தது. நீங்களும் பார்த்தீர்கள். ஆனால் அந்த வயதுக் குழந்தைகள் பலரின் கை நேராக இடப்பக்க டப்பாவுக்குத்தான் போகும்! கைக்குட்டையை இழுக்கும், உள்ளே எட்டிப் பார்க்கும், ஒன்றும் இருக்காது. அப்போது அது உங்களைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அதற்காகவே இந்தச் சோதனையைச் செய்யலாம்.

இதை முதலில் எழுதிவைத்தவர் சுவிட்சர்லாந்துக்காரர் ஜான் பியாஜே. அவர் பெரிய கருவி எதுவும் வைத்திருக்கவில்லை. தன்னுடைய மூன்று குழந்தைகளும் விளையாடுவதைப் பார்த்துப் பார்த்து நோட்டில் குறித்துவைத்தார். கண்ணுக்கு மறைந்த பொருள் எங்கேயோ தனியாக இருக்கிறது என்ற எண்ணம் அந்த வயதில் இன்னும் முழுதாக வளரவில்லை, 'நான் கை நீட்டிய இடத்தில்தான் பொருள் கிடைக்கும்' என்று குழந்தை நினைக்கிறது என்பது அவர் விளக்கம். பிறகு வந்தவர்கள் எல்லாரும் அதை ஒத்துக்கொள்ளவில்லை. குழந்தைக்குத் தெரியாமல் இல்லை, கைக்குப் பழக்கமாகிவிட்டது என்றார்கள் சிலர். அமெரிக்காவில் எஸ்தர் தெலன், லிண்டா ஸ்மித் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு தந்திரம் செய்து பார்த்தார்கள். இடப்பக்கம் தேடும்போது குழந்தையை உட்காரவைத்து, வலப்பக்கம் மாற்றும்போது மட்டும் அதைத் தூக்கி நிற்கவைத்தார்கள். தவறு குறைந்தது! உடம்பின் நிலை மாறியதும் கையின் பழக்கமும் விட்டுப்போனதோ என்னவோ. உங்கள் வீட்டுப் பாப்பாவிடம் இரண்டு விதமாகவும் கேட்டுப் பாருங்கள். முதல் பிறந்தநாள் தாண்டிய பிறகு இந்த விளையாட்டில் உங்களால் அதை ஏமாற்றுவது கஷ்டம். அதனால் சீக்கிரம்!

'இதெல்லாம் சும்மா பொழுதுபோக்கு' என்று பெரியவர்கள் யாராவது சொன்னால், ஜமைக்காவில் நடந்ததைச் சொல்லுங்கள். 1986, 87இல் அந்தத் தீவின் தலைநகர் கிங்ஸ்டனில், ஏழைக் குடும்பங்களில் வயதுக்கேற்ற உயரம் வளராத 129 கைக்குழந்தைகளைச் சேர்த்து ஓர் ஆய்வு தொடங்கியது. நடத்தியவர் சாலி கிரந்தம் மெக்ரெகர் என்ற டாக்டர். அந்தக் குழந்தைகளில் ஒரு பகுதியினரின் வீட்டுக்கு, சுகாதாரப் பணியாளர் ஒருவர் வாரம் ஒரு மணி நேரம் போவார். கையில் வீட்டுச் சாமான்களால் செய்த பொம்மைகள் இருக்கும். குழந்தையோடு எப்படி விளையாடுவது, விளையாடும்போது எப்படிப் பேச்சுக் கொடுப்பது என்று அம்மாவுக்குக் காட்டுவார். பொம்மையை அங்கேயே விட்டுவிட்டு, அடுத்த வாரம் வேறு பொம்மை கொண்டுவருவார். இரண்டு வருஷம் இப்படி நடந்தது. இருபது வருஷம் கழித்து அந்தக் குழந்தைகளைத் தேடிப் போய் விசாரித்தார்கள். விளையாட்டு கிடைக்காத குழுவைவிட, விளையாட்டு கிடைத்த குழு சராசரியாக 25 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்துக்கொண்டிருந்தது. பொம்மைக்கு ஆன செலவு கொஞ்சம்தான். பக்கத்தில் உட்கார்ந்து பேசிய பேச்சுக்கும் அந்தப் பலனில் பங்கு உண்டு.

நம்ம வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி மருத்துவர்களும் 2010 முதல் இப்படி ஒரு வேலையில் இறங்கினார்கள். எட்டு நாடுகளில் ஒரே சமயத்தில் நடந்த ஆய்வு அது. இந்தியாவில் அது நடந்த இடம் வேலூர். நகரத்தின் நெரிசலான பகுதிகளில் பிறந்த குழந்தைகளைப் பிறந்தது முதல் தொடர்ந்து பார்த்தார்கள். எடை, உயரம், வயிற்றுப்போக்கு எல்லாவற்றையும் எழுதினார்கள். அதோடு, வீட்டில் குழந்தை கையில் எடுத்து விளையாட என்ன இருக்கிறது, அதோடு யார் பேசுகிறார்கள் என்பதையும் குறித்துக்கொண்டார்கள். எடையும் உயரமும் போல அதுவும் ஒரு மருத்துவக் கணக்குதான்.

பாப்பாவுக்கு மூன்று வயது ஆகிவிட்டதா? டப்பாவின் மூடியை எடுங்கள். ஓரத்தைச் சுற்றி ஒரு விரற்கடை இடைவெளியில் ஓட்டை போடுங்கள். பழைய ஷூ லேஸ் ஒன்றை எடுத்து, ஒரு நுனியில் பெரிய முடிச்சாகப் போட்டுக் கொடுத்துவிடுங்கள். லேஸின் மறு நுனியைப் பாருங்கள். கெட்டியான பிளாஸ்டிக் குழாய் ஒன்று மாட்டியிருக்கும். அது பிய்ந்து போன லேஸைக் கோத்துப் பார்த்தவருக்குத்தான் அதன் அருமை தெரியும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து அந்த நுனியைப் பிடிக்கிற பிடிதான் நாளைக்குப் பென்சிலைப் பிடிக்கப்போகிறது. குழந்தை கீழேயிருந்து மேலே கோக்கும். அடுத்த ஓட்டைக்கு மேலேயிருந்து கீழே போகாமல், மூடியின் விளிம்பைச் சுற்றிக்கொண்டு மறுபடி கீழேயிருந்தே வரும். லேஸ் மூடியைக் கட்டிப்போட்டுவிடும். 'அப்படி இல்லடா' என்று கையைப் பிடித்து இழுக்காதீர்கள். தலையைச் சாய்த்து மூடியின் பின்பக்கத்தை அதுவே திருப்பிப் பார்க்கும் வரை பொறுத்திருங்கள். அந்தத் திருப்பல்தான் இந்த விளையாட்டின் விஷயமே.

ஒரு கண்டிப்பு. ஷூவின் மேல்பாகம் தைக்கிற வேலையை அம்மா வீட்டுக்கே எடுத்துவந்து செய்தால், அந்தப் பெட்டி விளையாட்டுப் பெட்டி இல்லை. லேஸ் கோக்கும் உலோக வளையங்கள், ஆணிகள், ஊசி, பசை டப்பா எதுவும் குழந்தையின் பக்கம் வரக்கூடாது. சின்ன வளையம் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். பசை டப்பாவைத் திறந்தால் வருகிற வாசனை மூக்குக்குச் சுகமாக இருக்கலாம், மூளைக்கு அது நஞ்சு. கம்பெனியில் வெட்டி எறிகிற தோல் துண்டுகளும் வேண்டாம். கைக்குழந்தை எதையும் சப்பிப் பார்க்கத்தான் செய்யும். லேஸ் விளையாட்டின்போதும் நீங்கள் பக்கத்திலேயே இருங்கள், கழுத்தில் சுற்றிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் முறை. மூடியோடு உள்ள டப்பாவை எடுங்கள். குறுகலான ஒரு பக்கத்தில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு சதுரம் வெட்டி, அதன்மேல் சுருக்கமில்லாத அலுமினியத் தாளை ஒட்டி, தாளின் நடுவில் குண்டூசியால் ஒரே ஒரு குத்து. எதிர்ப் பக்கத்தில் பெரிய சன்னலாக வெட்டி, ஒளி ஊடுருவுகிற காகிதத்தை ஒட்ட வேண்டும். டிரேசிங் பேப்பருக்குக் கடைக்குப் போக வேண்டாம். மெல்லிய வெள்ளைத் தாளில் ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவித் துடைத்தால் போதும். காகித நார்களுக்கு நடுவே இருக்கிற காற்று இடைவெளிகளில் பட்டு ஒளி சிதறுவதால்தான் காகிதம் வெள்ளையாகத் தெரிகிறது. எண்ணெய் அந்த இடைவெளிகளை நிரப்பியதும் சிதறல் குறைந்து ஒளி கடந்துபோகிறது. பிரியாணிப் பொட்டலத்தில் இதைப் பலமுறை பார்த்திருப்பீர்கள், ஆம்பூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மூடியின் விளிம்புகளை டேப் போட்டு அடைத்துவிட்டு, வெளியே வெயில் நன்றாக இருக்கும்போது, நிழலில் நின்று எண்ணெய்த் தாளைப் பாருங்கள். தலையையும் தாளையும் சேர்த்து ஒரு போர்வையால் மூடிக்கொள்ள வேண்டும். ஊசி ஓட்டை எதிரே உள்ள மரத்தைப் பார்த்து இருக்கட்டும். கண் இருட்டுக்குப் பழகியதும் தாளில் ஒரு மரம் தலைகீழாகத் தொங்கும். வண்ணத்தோடு, அசைகிற இலைகளோடு! தெருவில் வலப்பக்கம் போகிற ஆட்டோ தாளில் இடப்பக்கம் போகும். சூரியன் இருக்கும் பக்கம் மட்டும் டப்பாவைத் திருப்பவே கூடாது, கண் கெட்டுவிடும்.

ஏன் தலைகீழ்? ஒளி நேர்கோட்டில்தான் போகும். மரத்தின் உச்சியிலிருந்து புறப்பட்ட ஒளி அந்தச் சின்ன ஓட்டை வழியாக நுழைந்து கீழே இறங்குகிறது. அடிமரத்து ஒளி மேலே ஏறுகிறது. டப்பா 30 செ.மீ. நீளம், வேப்பமரம் 6 மீட்டர் உயரம், நீங்கள் நிற்பது 20 மீட்டர் தள்ளி என்றால், தாளில் விழும் மரம் 9 செ.மீ. உயரம் இருக்கும். எப்படி என்று நீங்களே கணக்குப் போடுங்கள். கணக்கு வாத்தியாரிடம் 'வடிவொத்த முக்கோணம்' என்று மட்டும் சொல்லுங்கள், முகம் மலர்ந்துவிடுவார். அப்புறம், இன்னொரு ஓட்டை குத்தினால் என்ன தெரியும்? ஏழெட்டு ஓட்டை குத்தினால்? ஓட்டையைப் பென்சில் முனை அளவுக்குப் பெரிதாக்கினால் படம் வெளிச்சமாகுமா, மங்கலாகுமா, இரண்டுமா? கேளுங்கள், டப்பா சொல்லும்.

இதே கேள்வியை ஆயிரம் வருஷத்துக்கு முன்பு கேட்டவர் இப்னு அல்ஹைதம். இன்றைய ஈராக்கின் பஸ்ரா நகரில் பிறந்து, எகிப்தின் கெய்ரோவில் வேலை செய்தவர். இருட்டறைக்கு வெளியே பல விளக்குகளை வரிசையாக வைத்து, ஒரே ஓட்டை வழியாக அவற்றின் ஒளி உள்ளே விழும்படி செய்தார். உள்ளே சுவரில் விளக்குக்கு ஒன்றாக ஒளிப்புள்ளிகள் தெரிந்தன. ஒரு விளக்கை மறைத்தால் அந்த விளக்கின் புள்ளி மட்டும் மறைந்தது. எத்தனை ஒளிகள் ஒரே ஓட்டையில் நெருக்கியடித்துக்கொண்டு நுழைந்தாலும், ஒன்றோடொன்று கலந்து குழம்பாமல் அதனதன் வழியில் போகின்றன என்று அதிலிருந்து கண்டார். ராத்திரி கரண்ட் போனால் உங்கள் டப்பாவுக்கு முன்னால் இரண்டு மெழுகுவத்தி வைத்து இதையே செய்து பார்க்கலாம். பகலில் மரத்தடி மண்ணிலும் இதே வேலைதான் நடக்கிறது. இலை இடுக்கு எந்த வடிவத்தில் இருந்தாலும் தரையில் விழுகிற வெயில் புள்ளிகள் வட்டமாகவே இருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? அவை ஒவ்வொன்றும் சூரியனின் படம். 2019 டிசம்பர் 26 சூரிய கிரகணத்தன்று அந்த வட்டங்கள் பிறை பிறையாக மாறிக் கிடந்தன.

டப்பாவை ஓரம் வையுங்கள். தீக்குச்சி இருக்கிறதா? குடியாத்தம் தீப்பெட்டிக்குப் பேர்போன ஊர் ஆயிற்றே. மருந்து முனையைக் கிள்ளி எறிந்த மரக்குச்சிகள் வேண்டும். மெழுகுக் குச்சி வளைந்துவிடும். துடைப்பத்து ஈர்க்குச்சியும் சரிதான். சைக்கிள் கடையில் பழைய மாதிரி டியூபுக்குப் போடுகிற வால்டியூப் ஒரு முழம் வாங்கி, இரண்டிரண்டு செ.மீ. துண்டுகளாக வெட்டுங்கள். ஒரு துண்டின் இரு முனைகளிலும் குச்சிகளைச் செருகினால் மூட்டு தயார். அரவிந்த் குப்தா என்ற பொறியாளர், ஐ.ஐ.டி. கான்பூரில் படித்தவர், புனேயில் லாரி செய்கிற கம்பெனியில் ஒரு வருஷம் விடுப்பு எடுத்துக்கொண்டு 1978இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் பக்கம் கிராமப் பள்ளிகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுக்கப் போனார். அங்கே சந்தையில் பார்த்த வால்டியூபில் அவருக்கு இந்த யோசனை வந்தது. குப்பையிலிருந்து பொம்மை செய்வதே பிறகு அவருக்கு முழுநேர வேலை ஆகிவிட்டது. 2018இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். நாலு குச்சியில் ஒரு சதுரம் செய்து ஒரு மூலையை அமுக்குங்கள், சரிந்து சாய்சதுரமாகிவிடும். மூன்று குச்சியில் முக்கோணம் செய்து அமுக்கினால் அசைய மறுக்கும். தோல் ஷாப்பின் தகரக் கூரையைத் தாங்குகிற இரும்புச் சட்டத்தையும், செல்போன் கோபுரத்தையும் அடுத்த முறை அண்ணாந்து பாருங்கள்.

மாங்காய் சீசனாக இருந்தால் அடுத்த விளையாட்டு. ஒரே மாதிரி இரண்டு கீற்று நறுக்கி, ஒன்றில் மட்டும் உப்புத் தூவுங்கள். கால் மணி நேரத்தில் உப்புப் போட்ட கீற்று வியர்த்து, தட்டில் தண்ணீர் தேங்கும். மற்றது அப்படியே இருக்கும். உப்பு வெளியே அதிகமாக இருப்பதால் மாங்காயின் செல்களுக்குள் இருக்கிற தண்ணீர் வெளியே வந்துவிடுகிறது. (முதலில் கேள்வி கேட்டுவிட்டு, பிறகு சாப்பிடுங்கள். வரிசையை மாற்றினால் சோதனை கெடும்.) தோல் மண்டிக்கு வருகிற பச்சைத் தோலுக்கும் மூட்டை மூட்டையாக உப்புப் போடுவது இதற்குத்தான். தோலைத் தின்ன வருகிற பாக்டீரியாவும் செல்தானே? தண்ணீர் இல்லாமல் அது பிழைக்காது, தோல் அழுகாது.

போட்ட உப்பு எங்கே போகும்? தோல் ஷாப்பில் முதல் வேலையே தோலை ஊறவைத்து அலசுவது. உப்பு அந்தத் தண்ணீரில் இறங்கும். பாலாற்றங்கரையில் பல ஊர்களின் கிணறுகள் உப்புக் கரித்துப் போனதில் அந்தத் தண்ணீருக்குப் பங்கு உண்டு. வேலூர் குடிமக்கள் நல மன்றம் இதற்காக வழக்குப் போட்டது, 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சட்டக் கல்லூரிகளில் இன்றும் அதைப் படிக்கிறார்கள். நமக்கு வேண்டியது அதற்குப் பின்னால் உள்ள அறிவியல். தண்ணீர் பாட்டிலின் அடியை வெட்டித் தலைகீழாக்கி, வாய்ப்பக்கம் பஞ்சு, அதன்மேல் மணல், அதன்மேல் சின்னக் கல் போடுங்கள். சேற்றுத் தண்ணீரை ஊற்றினால் ஓரளவு தெளிந்து வரும். இப்போது உப்புத் தண்ணீரை ஊற்றுங்கள். வெளியே வந்ததில் ஒரு சொட்டை எடுத்து எவர்சில்வர் தட்டில் விட்டு வெயிலில் வையுங்கள். வேலூர் வெயிலுக்கு அதிக நேரம் பிடிக்காது. வெள்ளையாக ஒரு வளையம் மிஞ்சும். சேறு தண்ணீரில் மிதக்கிறது, அதனால் மணலில் மாட்டிக்கொண்டது. உப்பு கரைந்துவிட்டது, மணலின் இடுக்குகள் அதற்கு வாசல் மாதிரி. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களில் ஆர்.ஓ. எந்திரத்துக்கும், தண்ணீரை ஆவியாக்கி உப்பைப் பிரிப்பதற்கும் அவ்வளவு செலவாவது ஏன் என்பதற்கு உங்கள் தட்டில் இருக்கிற வளையம்தான் விடை. பாட்டிலில் வடிந்த தண்ணீரை யாரும் குடிக்கக் கூடாது.

கடைசியாகக் கடுக்காய். நாட்டு மருந்துக் கடையில் நாலைந்து வாங்கினால் போதும். துண்டு ஒன்றை நுனி நாக்கில் வைத்துப் பாருங்கள். துவர்க்கும்! வாய் உலர்ந்து நாக்கு தடித்த மாதிரி இருக்கும். எச்சிலில் வழவழப்பைத் தருகிற புரதங்களைக் கடுக்காயில் உள்ள டானின் என்ற பொருள் பிடித்துக்கொள்வதால்தான் அந்த உணர்வு. வாழைப்பூவிலும் டீயிலும் இருப்பது அந்த வகைதான். தோலும் புரதம்தானே? கொலாஜன் என்ற நார்ப் புரதம். ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் ஊறவைத்த தொட்டியில் தோலைப் போட்டால், டானின் அந்த நார்களைப் பிடித்துக்கொண்டு இறுகும். அப்புறம் தோல் அழுகாது. உங்கள் நாக்கில் ஒரு நிமிஷம் நடந்ததுதான் தொட்டியில் வாரக்கணக்கில் நடக்கிறது. குரோமியம் உப்பு வந்தபிறகு அந்த வேலை ஒரு நாளில் முடிகிறது, தோலும் வெளிர்நீலமாகிறது. கம்பெனிக்காரர்கள் 'வெட் புளூ' என்பது அதைத்தான்.

கடுக்காயைப் பெரியவர்களைவிட்டு உடைக்கச் சொல்லி, கொட்டையை எறிந்துவிட்டுத் தோடுகளை வெந்நீரில் ஒரு ராத்திரி ஊறப்போடுங்கள். இன்னொரு கண்ணாடிப் புட்டியில் நாலு இரும்பு ஆணியும் அவை மூழ்குமளவு வினிகரும் இருக்கட்டும். மூடியை இறுக்காதீர்கள், உள்ளே வாயு உண்டாகும். இரண்டு நாள் பொறுங்கள். பிறகு கடுக்காய்த் தண்ணீரை வடிகட்டி ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றி, ஆணி ஊறிய வினிகரில் ஒரே ஒரு சொட்டு விடுங்கள். சொட்டு விழுந்த இடத்தில் கறுப்பு மேகம் ஒன்று விரிந்து கீழே இறங்கும். இன்னும் நாலு சொட்டு விட்டால் கிண்ணம் முழுக்க மை. டானினும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு. தீக்குச்சியைத் தோய்த்து எழுதுங்கள். எழுதும்போது சாம்பல் நிறமாக இருக்கிற எழுத்து காற்றுப் பட்டு மறுநாள் இன்னும் கறுத்திருக்கும். ஐரோப்பாவில் ஓக் மரத்தில் உண்டாகிற ஒருவகை முடிச்சில் இருந்து இதே முறையில் மை செய்து, நூற்றாண்டுக் கணக்காக அதில்தான் புத்தகம் எழுதினார்கள்.

கடுக்காய் கிடைக்காவிட்டால் பால் சேர்க்காத டீ டிகாஷனிலும் செய்யலாம், நிறம் கொஞ்சம் குறையும். பள்ளியில் கொடுக்கிற இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு போடாதே என்று டாக்டர் சொல்வதற்கும் காரணம் இதுதான். டானின் இரும்பைப் பிடித்துவைத்துக்கொண்டால் உடம்புக்கு எப்படிக் கிடைக்கும்? அந்த மாத்திரையை மட்டும் சோதனைக்கு எடுக்காதீர்கள். சின்னப் பாப்பா மிட்டாய் என்று நினைத்து விழுங்கினால் ஆபத்து.

பாப்பாவுக்கு மை வேண்டாம், கையெல்லாம் கறையாகும், அம்மா நம்மைத்தான் திட்டுவார். அதற்குப் பதில் மஞ்சள்தூளைக் குழைத்துத் தாளில் பூசிக் காயவைத்துக் கொடுங்கள். சோப்புத் தண்ணீரில் விரலைத் தொட்டுக் கோடு இழுத்தால் மஞ்சளில் சிவப்புக் கோடு வரும். ஒரு மணி நேரம் உங்களைத் தொந்தரவு செய்யாது.

அந்த நேரத்தில் உங்கள் மைக் கிண்ணத்துக்கு வாருங்கள். எலுமிச்சைச் சாறு கொஞ்சம் பிழிந்து கலக்குங்கள். கறுப்பு வெளுத்துக்கொண்டே வரும். எலுமிச்சையில் இருக்கிற அமிலம் டானினிடமிருந்து இரும்பைப் பறித்துத் தன்னோடு வைத்துக்கொள்கிறது. எழுதிய தாளின்மேல் ஒரு சொட்டு விட்டால் அந்த எழுத்தும் மங்கும். எலுமிச்சைக்குப் பதில் புளிக்கரைசல் விட்டால்? மாங்காய்ச் சாறு? வெறும் வினிகர்? நான் சொல்லப்போவதில்லை. மூன்றும் அடுப்படியில்தான் இருக்கின்றன.